ஊசி சரி, கிலோமீற்றர் பிழை: டயரைக் கொஞ்சம் பெரிதாக்கிய ஒரு டபுள் கெப்பின் நிகழ்வு ஆய்வு

களுவாஞ்சிகுடிப் பக்கம் பிரதான வீதியோரம்தான் எங்கள் கராஜ். தை மாதத்தில் ஒருநாள் காலை, மழை விட்ட நேரம், எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தன் டபுள் கெப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியதும் வாகனத்தைக் காட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“தம்பி, டயர் மாத்தின நாளிலிருந்து இது டீசல் குடிக்குது. இன்ஜெக்டர் எல்லாம் கழுவியாச்சு. 38,000 ரூபா போயிற்று. ஒரு சொட்டுக் குறையல்ல. மறுகா என்ன செய்யிற?”

அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. 2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதே, அப்போது தொடங்கிய பழக்கம் அவருக்கு. கியூஆர் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கிய காலத்தில், அடித்த லீற்றரையும் அந்நேரம் மீற்றரில் இருந்த கிலோமீற்றரையும் எழுதி வைத்திருக்கிறார். தட்டுப்பாடு போன பிறகும் எழுதுவதை விடவில்லை. எப்போதும் ஒரே எரிபொருள் செட்டில், டாங்கி வாய்வரை நிரப்பித்தான் எழுதுவார். இப்படி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். “கூடக் குடிக்குது” என்று சொல்லிக்கொண்டு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் எழுத்தில் எதுவும் இருக்காது.

வாகனமும் முறைப்பாடும்

வாகனம் 2008 ஆம் ஆண்டு மிட்சுபிஷி எல்200. 4டி56 டீசல் என்ஜின், கை கியர். தேவைப்படும்போது லீவரைப் போட்டு நான்கு சில்லையும் இழுக்கவைக்கும் வகை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இப்படியான பழைய கெப்புகளின் விலை எங்கேயோ போய்விட்டது. வைத்திருப்பவர்கள் கண்ணைப் போலப் பார்க்கிறார்கள், இவரும் அப்படித்தான். கெப்பை ஒரு திட்ட அலுவலகத்துக்கு மாத வாடகைக்கு விட்டு, தானே ஓட்டுகிறார். உத்தியோகத்தர்களை ஏற்றிக்கொண்டு கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, உன்னிச்சை என்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முழுக்கப் போய்வர வேண்டும். ஓடிய கிலோமீற்றரை ரன்னிங் சார்ட்டில் எழுதி, கிலோமீற்றருக்கு 130 ரூபா என்று மாத முடிவில் வாங்குவார். மாதம் 3,000 கிலோமீற்றர் அளவில் வரும். ரன்னிங் சார்ட் என்ற இந்த ஒரு விசயம்தான் பின்னால் எல்லாவற்றையும் மாற்றியது.

மாரி தொடங்கினால் படுவான்கரைக் கிறவல் ரோட்டுகள் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வட்டை (வயல்வெளி) ஓரத்தில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சேறு, நடுவில் உழவு மெசின் கிழித்துவிட்ட தடம். முந்திய மாரியில் இரண்டு தரம் புதைந்து, உழவு மெசின் கட்டித்தான் இழுத்திருக்கிறார்கள். அதனால் ஐப்பசியில் டயர் மாற்றும்போது, கம்பனி அளவான 245/70ஆர்16 க்குப் பதிலாக 265/70ஆர்16 அளவில், பட்டன் (நிலத்தைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள்) தடித்த ஓல் டெரெயின் டயர் நான்கு வாங்கிப் போட்டார். அதே ரிம்முக்கு அப்படியே பொருந்தும், கொஞ்சம்தான் பெரிது, வேறொன்றும் செய்யத் தேவையில்லை என்று கடையில் சொன்னார்களாம். சொன்னதில் பாதி சரி.

கொப்பியைப் புரட்டினேன். பழைய டயரில் கடைசியாக எழுதிய வரிகளில் ஒன்று: 48 லீற்றர், 547 கிலோமீற்றர். அதாவது லீற்றருக்கு 11.4. புது டயரில் அதே 48 லீற்றர் அடித்த ஒரு வரி: 509 கிலோமீற்றர். லீற்றருக்கு 10.6. ஒரு நாளின் பிழையாக இருக்குமோ என்று முன்னும் பின்னும் பார்த்தேன். டயர் மாற்றிய திகதிக்கு முன் எல்லாம் 11.2 க்கும் 11.5 க்கும் இடையில். அதற்குப் பின் எல்லாம் 10.5, 10.6, 10.7. கோடு போட்டுப் பிரித்ததுபோல் இருந்தது. இன்ஜெக்டரோ டர்போவோ பழுதானால் எண்கள் இப்படி ஒரே நாளில் இறங்கி, பிறகு அந்த இடத்திலேயே அசையாமல் நிற்காது. கிழமைக்குக் கிழமை சரிந்துகொண்டே போகும்.

முந்திப் பார்த்த கராஜில் எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்துக் கழுவியிருக்கிறார்கள். செய்த வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கறுப்புப் புகை இல்லை, காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட், இழுவையும் பரவாயில்லை. பிரேக் எங்கேனும் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சில்லு சில்லாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். எதுவும் இல்லை.

“டயர் பெரிசெண்டா மீற்றர் பிழைக்கும் எண்டு கேள்விப்பட்டு, அதையும் பாத்திட்டம் தம்பி,” என்றார். மகன் ஃபோனில் ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறார். ஊசி 70 இல் நிற்கும்போது ஃபோனும் 69, 70 என்று காட்டியிருக்கிறது. “பழைய டயரில ஊசி 70 எண்டா ஃபோன் 66 தான் காட்டும். இப்ப மீற்றர் முந்தியை விடச் சரி. அப்ப டயரில பிழையில்லைதானே?”

நியாயமான கேள்வி. அவர் பார்த்தது உண்மை, சொன்னதும் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் அவரை இன்ஜெக்டர் பக்கம் அனுப்பி 38,000 ரூபாவைச் செலவழிக்க வைத்தது.

வெண்கட்டிக் கோடு

டயரில் எழுதியிருக்கும் எண்ணை வைத்தே கணக்குப் போடலாம். 245 என்பது மில்லிமீற்றரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு பக்கச்சுவரின் உயரம் என்று பொருள். 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பழைய அளவின் முழு விட்டம் 749 மில்லிமீற்றர், புதியது 777. இரண்டும் 70 தானே, அகலம் மட்டும்தானே கூடியது என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கூடினால் அதில் நூற்றுக்கு 70 உம் கூடும், உயரமும் ஏறும். வித்தியாசம் நூற்றுக்கு 3.7.

இவ்வளவையும் கடதாசியில் போட்டுக் காட்டலாம்தான். ஆனால் கடதாசிக் கணக்கைவிட நிலத்தில் காட்டினால் ஆளுக்கு மனதில் பதியும். நான்கு சில்லுக்கும் 32 காற்று வைத்து, கெப்பைச் சீமெந்துத் தரைக்கு எடுத்தோம். பின் டயர் நிலத்தைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் வெண்கட்டியால் ஒரு கோடு. இரண்டு பையன்கள் மெல்லத் தள்ள, டயரின் கோடு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப நிலத்தைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. நாடா பிடித்து அளந்தால் 2 மீற்றர் 36 சென்ரிமீற்றர்.

அப்புறம் ஸ்பெயார் சில்லை இறக்கினோம். அது இன்னும் பழைய அளவு. ஒருதரம் தவிர ஓடாத டயர், பள்ளம் அப்படியே புதிதாக இருந்தது. அதைப் பின்னால் பூட்டி, அதே காற்று வைத்து அதே மாதிரித் தள்ளினோம். 2 மீற்றர் 28 சென்ரிமீற்றர்.

அண்ணன் குந்தியிருந்து இரண்டு கோட்டுக்கும் இடையில் விரலை வைத்துப் பார்த்தார். எட்டுச் சென்ரிமீற்றர். வாகனத்தின் பாரத்தில் டயர் நசிவதால் இரண்டு அளவும் கடதாசிக் கணக்கைவிடக் குறைவாகத்தான் வரும். அதில் பிரச்சினையில்லை, இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம். 236 ஐ 228 ஆல் பிரித்தால் 1.035. புது டயரும் மூன்று மாதம் ஓடி ஒரு மில்லிமீற்றர் அளவில் தேய்ந்திருந்தது, அதனால்தான் 3.7 க்குப் பதில் 3.5.

வாகனத்துக்கு ரோட்டுத் தெரியாது. அது எண்ணுவது சுற்றை மட்டும்தான். பழைய வாகனங்களில் கியர்பெட்டியின் பின்பக்கம் இருந்து ஒரு கேபிள் வந்து மீற்றரைச் சுற்றும். பிறகு வந்தவற்றில் அந்த இடத்திலோ சில்லுக்குப் பக்கத்திலோ ஒரு சென்சார் இருந்து துடிப்பை அனுப்பும். எதுவாக இருந்தாலும், இத்தனை சுற்றுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கம்பனி போட்ட கணக்கு உள்ளே இருக்கிறது. டயர் பெருத்தால் ஒவ்வொரு சுற்றிலும் வாகனம் எட்டுச் சென்ரிமீற்றர் கூடப் போகும், எண்ணுகிற பெட்டிக்கு அது தெரியாது.

கிலோமீற்றர் கற்கள்

அடுத்த ஞாயிறு விடியப்புறம் ஐந்தரைக்கு, வீதி வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில் புறப்பட்டோம். எங்கள் ஏ4 வீதி கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று சுற்றிக்கொண்டு மட்டக்களப்பில் வந்து முடிகிறது. வீதியோரக் கிலோமீற்றர் கற்களின் எண்ணும் கொழும்பிலிருந்துதான் வரும். அதனால் மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும்போது எண் இறங்கிக்கொண்டே போகும். இடையில் ஒன்றிரண்டு கல் உடைந்தோ பற்றைக்குள் மறைந்தோ இருந்தாலும் பரவாயில்லை. தொடக்கக் கல்லின் எண்ணும் முடிவுக் கல்லின் எண்ணும் தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். வாகனத்தைச் சோதிக்க இதைவிட நல்ல உபகரணம் இந்தக் கரையில் இல்லை, காசும் இல்லை.

ஆரையம்பதி தாண்டி ஒரு கல்லுக்கு நேரே நிறுத்தி, டிரிப் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். ஃபோனிலும் தூரம் அளக்கும் செயலியைப் போட்டோம். கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஒரே சீரான ஓட்டம். பெரியகல்லாற்றுப் பக்கம், தொடக்கக் கல்லிலிருந்து இருபதாவது கிலோமீற்றர் கல்லுக்கு நேரே நிறுத்தினோம்.

ஃபோனில் 20.0. கற்களின் கணக்கும் 20. டிரிப் மீற்றரில் 19.3.

ஊசியையும் வழியெல்லாம் பார்த்தபடிதான் வந்தோம். ஊசி 60 என்றால் ஃபோனும் கிட்டத்தட்ட 60. ஊசி 70 என்றால் ஃபோனும் 69 க்கும் 70 க்கும் இடையில். மகன் சொன்னது அப்படியே சரி. ஊசி சரி, தூரம் பிழை, இரண்டும் ஒரே மீற்றருக்குள். அண்ணன் அதை ஏற்கவில்லை. திரும்பி வரும்போதும் அதே கற்களுக்கிடையில் இன்னொருதரம் அளக்கச் சொன்னார். மறுபடியும் 19.3.

ஊசி ஏன் முந்தி கூடக் காட்டியது

இந்த ஒரு இடத்தை மட்டும் ஆறுதலாகப் படியுங்கள். டயர் மாற்றியவர்கள் அதிகம் பேர் தடுமாறுவது இதில்தான்.

வேகம் காட்டும் ஊசி, கம்பனியிலிருந்து வரும்போதே உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்யப்படுகிறது. ஐரோப்பாவும் ஜப்பானும் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் விதி இலக்கம் 39 இப்படிச் சொல்கிறது: ஊசி காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறையக்கூடாது. கூடலாம், ஆனால் உண்மையான வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீற்றர் சேர்த்த அளவுக்கு மேல் போகக்கூடாது. உண்மையில் 70 இல் ஓடும் வாகனத்தில் ஊசி 70 இலிருந்து 81 வரை எங்கே நின்றாலும் விதிப்படி சரி. ஆனால் 69 இல் நிற்க முடியாது. டயர் புதிதோ பழசோ, காற்றுக் கூடவோ குறையவோ, எந்த நிலையிலும் ஊசி குறைத்துக் காட்டிவிடக்கூடாது என்பதற்காகக் கம்பனிக்காரர்கள் முன்கூட்டியே மூன்று நான்கு கிலோமீற்றர் ஏற்றி வைக்கிறார்கள்.

தூரத்தைக் காட்டும் இலக்கத்தில் அந்த ஏற்றம் கிடையாது. அது சுற்றை எண்ணி, உள்ளபடி தூரமாக்கிக் காட்டும். கம்பனி அளவில் புது டயர் இருந்தால் அது ஏறத்தாழச் சரியாகவே இருக்கும்.

இப்போது நூற்றுக்கு மூன்றரை பெரிய டயரைப் போட்டால், கூடக் காட்டிக்கொண்டிருந்த ஊசி இறங்கி உண்மையோடு வந்து சேர்கிறது. சரியாக இருந்த கிலோமீற்றர் உண்மையைவிட்டுக் கீழே போகிறது. ஃபோனை எடுத்து வேகத்தை மட்டும் ஒப்பிட்டால், மீற்றர் திருந்திவிட்டது போலத்தான் தெரியும். வேகத்தையும் தூரத்தையும் வேறு வேறாகத்தான் சோதிக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றது சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பொலிஸ் பற்றியும் கேட்டார். நகரத்துக்கு வெளியே 70 என்றால், முன்பு ஊசி 70 இல் வைத்து ஓடினாலும் உண்மையில் 66, 67 தான், கையில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. இப்போது அந்த இடைவெளி போய்விட்டது. இன்னும் ஒரு படி ஏறி 265/75ஆர்16 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் வித்தியாசம் நூற்றுக்கு 7.3. ஊசி 70 இல் நிற்க, வாகனம் 72 இல் போகும். அது கையிலே பிடிபடும் பிழை, அந்த அளவுக்கு மீற்றரைத் திருத்தாமல் ஓடக்கூடாது என்பது என் கருத்து.

48 லீற்றரின் கணக்கு

சரி, டீசலுக்கு வருவோம். 547 க்கும் 509 க்கும் இடையில் 38 கிலோமீற்றர் குறைகிறது. நூற்றுக்கு ஏழு. ஆனால் டயர் வித்தியாசம் மூன்றரைதானே, மீதி மூன்றரை எங்கே போனது? எனக்கும் இது உடனே பிடிபடவில்லை. அண்ணன் வீட்டுக் கொட்டிலில் கழற்றிப் போட்ட பழைய டயர்களைப் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீற்றர்தான் மிச்சம். புதிதில் 9 அளவில் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் ஆறு ஆறு தேய்ந்தால் விட்டம் 12 மில்லிமீற்றர் குறைந்திருக்கிறது, 749 இலிருந்து 737 க்கு. அதாவது அந்தத் தேய்ந்த டயரில் மீற்றர் உண்மையைவிட நூற்றுக்கு 1.6 கூடக் காட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்த சின்ன டயரிலிருந்து புதிய பெரிய டயருக்கு ஒரே நாளில் தாவியதால், முன்னால் இருந்த கூடுதலும் பின்னால் வந்த குறைவும் சேர்ந்து ஐந்துக்கு மேல் போய்விட்டது.

திருத்திப் போட்டால் இப்படி வரும். பழைய டயரில் 48 லீற்றருக்கு உண்மையில் ஓடியது 538 கிலோமீற்றர். புது டயரில் 527. இல்லாமல் போனதாக நினைத்த 38 இல் 27 வெறும் மீற்றர் வித்தியாசம். உண்மையாகக் கூடக் குடித்தது 11 கிலோமீற்றருக்கான டீசல், நூற்றுக்கு இரண்டு. பாரம் கூடிய, பட்டன் தடித்த, அகலமான டயரைச் சுற்றுவதற்கு அந்தச் செலவு வரத்தான் செய்யும், எந்த இன்ஜெக்டரைக் கழுவியும் அதை மீட்க முடியாது.

ரன்னிங் சார்ட்டைக் கணக்குப் போட்ட பிறகுதான் அண்ணனின் முகம் மாறியது. மீற்றரில் 3,000 என்றால் உண்மையில் ஓடியது 3,105. மாதத்துக்கு 105 கிலோமீற்றர் சும்மா ஓடியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு 315. கிலோமீற்றருக்கு 130 படி ஏறத்தாழ 41,000 ரூபா. இன்ஜெக்டருக்குக் கொடுத்த 38,000 ஐ விட அது கூட. டீசல் போகிறது, டீசல் போகிறது என்று மூன்று மாதமாகத் தவித்த மனிதர், போனது வாடகைக் காசு என்பதை அந்த இடத்தில்தான் கண்டார்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். பழைய டயர் தேய்ந்து கிடந்த கடைசி மாதங்களில், அவருக்கே தெரியாமல் அலுவலகம் நூற்றுக்கு ஒன்றரை அளவில் கூடக் கொடுத்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓம், அதுவும் கணக்குத்தான்,” என்றார்.

மற்றச் சில

சர்வீஸ் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. 5,000 இல் மாற்றும் ஒயிலை 5,175 இல் மாற்றினால் என்ஜின் சாகாது. டைமிங் பெல்ட் மட்டும் வேறு விசயம். 4டி56 இல் பெல்ட் அறுந்தால் வால்வும் ரொக்கர் ஆமும் போகும். இந்த டயரோடு மீற்றரில் 50,000 ஓடினால் பெல்ட் 1,750 கூட ஓடியிருக்கும். மாற்ற வேண்டிய கிலோமீற்றரை அந்த அளவுக்கு முன்னுக்கு எடுத்து, ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினோம்.

இழுவையும் கொஞ்சம் குறையும். டயர் பெருத்தால் கியர் முழுவதும் நூற்றுக்கு மூன்றரை நீண்டதுபோல. சமதரையான எங்கள் பக்கத்தில் தெரியாது. ஆனால் மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறும் 18 வளைவில், முன்பு மூன்றில் ஏறிய இடங்களில் இப்போது இரண்டுக்கு இறக்கவேண்டியிருக்கிறது என்று அவரே சொன்னார். பிரேக்குக்கும் அதே கணக்குத்தான். அதே மிதிக்கு நிலத்தில் கிடைக்கும் பிடி அந்த அளவு குறையும். நெல் மூட்டை ஏற்றியபடி இறக்கத்தில் வருகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எதற்காக டயரை மாற்றினாரோ, அதில் கிடைத்தது எவ்வளவு? விட்டம் 28 மில்லிமீற்றர் கூடினால் வாகனம் உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீற்றர். ஒரு சுண்டுவிரல் அகலம். இந்த மாரியில் அவர் புதையாமல் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பட்டன்தான். அதே பட்டன் 245/70 அளவிலும் கிடைக்கும்.

ஸ்பெயார் சில்லு பற்றியும் சொல்ல வேண்டும், இது ஆபத்தான இடம். மார்கழி மழையில் வெல்லாவெளிப் பக்கம் பின் டயர் ஒன்று காற்றுப் போய், பழைய அளவு ஸ்பெயாரைப் பூட்டியிருக்கிறார். சேற்றில் நான்கு சில்லும் இழுக்க லீவரைப் போட்டு வெளியே வந்துவிட்டார். தார் ரோட்டில் ஏறியதும் ஸ்டியரிங் இறுகி, வாகனம் எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் ஆகி, லீவரும் கழற வரவில்லையாம். இந்த வகைக் கெப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷல் கிடையாது. லீவரைப் போட்டால் இரண்டு தண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றவேண்டும். பின்னால் ஒரு சில்லுச் சின்னது என்றால் பின்பக்கம் கூடச் சுற்றப் பார்க்கும், முன்பக்கம் விடாது. சேற்றில் டயர் வழுக்கி அந்த இறுக்கம் போய்விடும், தாரில் போக வழியில்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்த பிறகு லீவர் கழன்றதாம், கியர்பெட்டி தப்பியது அவருடைய நல்ல காலம். அளவு மாற்றுகிறவர்கள் ஐந்து டயராக மாற்றுங்கள். காசு போதாவிட்டால், அந்த ஸ்பெயாரோடு தார் ரோட்டில் அந்த லீவரைத் தொடாதீர்கள்.

செய்தது

மீற்றரைத் திருத்த வழி இருக்கிறதா என்று கேட்டார். அமெரிக்கப் பிக்கப்புகள் பலவற்றில் டயர் அளவை ஸ்கானரால் வாகனத்தின் கம்பியூட்டரில் பதிந்துவிடலாம், வேலை முடிந்தது. கேபிள் உள்ள பழைய ஜப்பான் வாகனங்களில் கேபிளின் அடியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கியரைப் பல் எண்ணிக்கை வேறானதாக மாற்றுவார்கள். சென்சார் உள்ளவற்றுக்கு, துடிப்பின் எண்ணிக்கையைத் திருத்தி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை இடையில் பூட்டலாம். பூட்டினால் கிலோமீற்றர் சரியாகும், ஊசி பழையபடி மூன்று நான்கு கூடக் காட்டும். எப்படியும் டாஷ்போர்டைக் கழற்றி இலக்கத்தில் கைவைக்க நான் சம்மதிக்கமாட்டேன். வாடகை வாகனத்தில் அது கள்ளக்கணக்காகத்தான் பார்க்கப்படும்.

முதலில் சோதனையை ஒரு தாளில் எழுதினோம்: திகதி, காற்று, தொடக்கக் கல், முடிவுக் கல், டிரிப் மீற்றர், ஃபோன். அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் போக்குவரத்துக்குப் பொறுப்பானவரைப் போய்ச் சந்தித்தார். ஒப்பந்தத்தில் மீற்றரில் உள்ளதே கணக்கு என்று எழுதியிருக்கிறது, முடிந்த மூன்று மாதத்துக்கு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் வழமையான இடங்களுக்கு நிர்ணயித்த தூரத்தை எழுதலாமா என்று பேசிப் பார்த்திருக்கிறார். அதுவும் சரிவரவில்லை. ஒருநாள் மண்முனைப் பாலத்தால் போவார், இன்னொருநாள் குருமண்வெளியில் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவைப் படகு) ஏற்றி மண்டூருக்குக் கடப்பார், தூரம் ஒவ்வொரு நாளும் வேறு.

கடைசியில், வாடகைக்கு ஓடும் வாகனத்துக்குக் கம்பனி அளவுதான் சரி என்று அவரே முடிவெடுத்தார். உன்னிச்சைப் பக்கம் வேளாண்மை செய்யும் அவருடைய மச்சானிடம் அதே ரகக் கெப் இருக்கிறது, வட்டைக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டம், யாருக்கும் கிலோமீற்றர்க் கணக்குக் கொடுக்கத் தேவையில்லை. நான்கு டயரையும் மச்சானே ஒரு விலைக்கு எடுத்துக்கொண்டார். பூட்டிக் கொடுத்தபோது, ஐந்தாவதையும் அதே அளவில் வாங்கச் சொல்லி, மீற்றர்த் தூரத்தை 1.035 ஆல் பெருக்கினால் உண்மைத் தூரம் என்று எழுதி டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒட்டிவிட்டேன். அந்தப் பெருக்கம் நிலையானதில்லை. டயர் தேயத் தேயக் குறையும், ஆறு மாதத்துக்கு ஒருதரம் கற்களில் அளந்து மாற்ற வேண்டும் என்றும் சொன்னேன்.

அண்ணனுக்கு 245/70ஆர்16 அளவிலேயே பட்டன் தடித்த டயர் வாங்கினோம். வாங்கும்போது பக்கச்சுவரில் பாரச் சுட்டி 111 என்று இருக்கிறதா பார்த்துத்தான் எடுத்தோம். ஒரு டயருக்கு 1,090 கிலோ என்பது அதன் பொருள், அதற்குக் குறைந்தது கெப்புக்கு வேண்டாம்.

மறுபடியும் ஒரு ஞாயிறு விடியப்புறம், அதே இரண்டு கற்கள். டிரிப் மீற்றரில் 20.0. ஊசி 70, ஃபோன் 67.

“இப்ப ஊசி கூடக் காட்டுதே, தம்பி?”

“ஓம் அண்ணன். கம்பனியால வரக்குள்ளயே அப்பிடித்தான்.”

பெரியகல்லாற்றில் கெப்பை ஓரம் கட்டி, கொப்பியை எடுத்து, இரண்டு கற்களின் எண்ணையும் எழுதி, பக்கத்தில் 20.0 என்று எழுதினார்.